ஜப்பான் ரயில் பாஸும் காணாமல் போகும் பாதைகளும்

ஜப்பானின் தென்மேற்கே கியூஷு என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. அதன் வடபகுதியில் ஹக்காட்டா, கொகுரா என்று இரண்டு பெரிய ரயில் நிலையங்கள். இரண்டும் ஒரே தீவில், ஒரே மாகாணத்தில் இருப்பவை. வெளிநாட்டிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளுக்கென்று 'கியூஷு ரயில் பாஸ்' ஒன்றை விற்கிறார்கள். அதை வாங்கிவிட்டால் குறிப்பிட்ட நாட்களுக்கு அந்தத் தீவின் ரயில்களில் ஏறலாம், இறங்கலாம், மறுபடி ஏறலாம். முழுத் தீவுக்குமான பாஸ் என்றால், ஹக்காட்டாவிலிருந்து தெற்கே ககோஷிமா வரை அதிவேக ரயிலான ஷிங்கான்சென்னிலும் போய் வரலாம்.

ஆனால் அதே ஹக்காட்டாவிலிருந்து கொகுராவுக்குப் போகும் ஷிங்கான்சென்னில் மட்டும் அந்தப் பாஸ் செல்லாது! வெறும் பதினைந்து நிமிடப் பயணம்தான். தெரியாமல் ஏறி உட்கார்ந்துவிட்டால் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டியதுதான். சாதாரணப் பாதையில் ஓடும் விரைவு வண்டியில் போனால் பாஸ் செல்லும், நேரம் மட்டும் கூடுதலாகும்.

இது என்ன விசித்திரம்? ஹக்காட்டா – கொகுரா ஷிங்கான்சென் பாதை 1975-ல் ஒசாகா பக்கத்திலிருந்து நீட்டிக்கப்பட்டு வந்த பாதையின் வால் பகுதி. பாதை கிடப்பது கியூஷு மண்ணில். சொந்தக்காரரோ மேற்கு ஜப்பான் ரயில்வே நிறுவனம். பாஸை விற்பது கியூஷு நிறுவனம். அடுத்த வீட்டுக்காரரின் வண்டிக்கு இவர் எப்படி டிக்கெட் கொடுப்பார்?

ஜப்பானில் வட்டார ரயில் பாஸ் வாங்கும் ஒவ்வொருவரும் இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத வேலியில் எப்போதாவது முட்டிக்கொள்கிறார்கள். கியோட்டோ, ஒசாகா பக்கம் விற்கப்படும் கான்சாய் பாஸை வைத்துக்கொண்டு கியோட்டோவிலிருந்து ஷின்-ஒசாகாவுக்கு ஷிங்கான்சென்னில் போக முடியாது. ஹொக்கைடோ பாஸை வைத்துக்கொண்டு ஹொக்கைடோ ஷிங்கான்சென்னிலேயே ஏற முடியாது. பாஸ் என்பது ஏதோ சுற்றுலாத் துறையின் தாராள மனதால் பிறந்த சலுகை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பெரிய கடன், ஒரு பாகப்பிரிவினை, அதற்குப் பிறகு விழுந்த ஓட்டை ஆகியவற்றின் கதை. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும்.

ஒரு காலத்தில் ஜப்பானில் இந்த வேலிகள் இல்லை. 1949-ல் உருவான ஜப்பான் தேசிய ரயில்வே என்ற ஒரே பொது நிறுவனம், நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை ரயில் ஓட்டியது. போரில் சிதைந்த நாடு மெல்ல எழுந்துகொண்டிருந்த 1950-களில் மக்களுக்கு ஊர் சுற்றும் ஆசை வந்தது. கையில் காசுதான் குறைவு. அந்தச் சமயத்தில் 1956-ல் தேசிய ரயில்வே ஒரு புதுவகைச் சீட்டை அறிமுகப்படுத்தியது. வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவுக்குப் போய்வரும் பயணமும், அங்கே போன பிறகு தீவு முழுக்க விருப்பப்படி சுற்றுவதும் ஒரே விலைக்குள் அடக்கம். இன்றைய வட்டார பாஸின் பாட்டி என்று இதைத்தான் சொல்ல வேண்டும். பிறகு மற்ற வட்டாரங்களுக்கும் இதே மாதிரி சீட்டுகள் வந்தன.

ஹொக்கைடோ சீட்டுதான் இவற்றில் நட்சத்திரம். தீவு மிகப் பெரியது. அதற்கேற்றாற்போல் சீட்டின் ஆயுளும் நீளம். டோக்கியோவிலிருந்து ரயிலில் ஆவோமோரி வரை போய், அங்கே ரயில்வேயின் சொந்தக் கப்பலில் ஏறி, நான்கு மணி நேரம் போலக் கடலைக் கடந்து ஹக்கோதாதே துறைமுகத்தில் இறங்க வேண்டும். (கடலுக்கு அடியில் செய்கான் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது 1988-ல்தான்.) இறங்கிய பிறகு கட்டணக் கவலையே இல்லை. எந்த ஊரில் வேண்டுமானாலும் இறங்கலாம்.

1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும் இந்தச் சீட்டை மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கோடை விடுமுறை வந்தால் போதும், பக்கவாட்டில் அகன்ற பெரிய முதுகுப் பைகளைச் சுமந்துகொண்டு கூட்டம் கூட்டமாக வடக்கே கிளம்பிவிடுவார்கள். பை உடம்பைவிட அகலம். ரயில் பெட்டியின் நடைபாதையில் நேராக நடக்க முடியாது, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்துதான் போக வேண்டும். அதனால் ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் 'கனி-சொக்கு'. நண்டுக் கூட்டம் என்று அர்த்தம்!

நண்டுகள் சாமர்த்தியசாலிகள். விடுதிக்குக் காசு கொடுக்க மாட்டார்கள். சப்போரோவிலிருந்து வாக்கனாய், அபாஷிரி, குஷிரோ என்று தூரத்து ஊர்களுக்கு அப்போது இரவு வண்டிகள் ஓடின. சீட்டு இருப்பதால் ரயிலில் ஏறி உட்கார்ந்தே தூங்குவார்கள். காலையில் கண்விழித்தால் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊர். வாடகையும் மிச்சம், பயணமும் ஆயிற்று. இன்று வட்டார பாஸ் வாங்குபவர்கள் போடும் கணக்குகளையெல்லாம் இந்த நண்டுகள் அன்றே போட்டு முடித்துவிட்டார்கள்.

மாணவர்கள் இப்படி உல்லாசமாகச் சுற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில் தேசிய ரயில்வேயின் கணக்குப் புத்தகம் சிவப்பாகிக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், உலகமே வியந்து பார்த்த முதல் ஷிங்கான்சென் ஓடத் தொடங்கிய 1964-ம் ஆண்டிலேயே நிறுவனம் நஷ்டத்தில் விழுந்தது. அதன் பிறகு அது எழவே இல்லை. கார்கள் பெருகின, நெடுஞ்சாலைகள் வந்தன, கிராமங்கள் காலியாகி இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள். இன்னொரு பக்கம், பயணியே இல்லாத இடங்களுக்கும் புதுப் பாதை போடச் சொல்லி அரசியல்வாதிகள் நெருக்கினார்கள். எல்லாம் கடன்மேல் கடன்.

1970-ல் ஒசாகாவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஆறே மாதத்தில் 6.4 கோடிப் பேர் வந்துபோனார்கள். அந்தக் கூட்டத்தைச் சுமக்க ரயில்வே பெட்டிகளையும் வண்டிகளையும் கூட்டியிருந்தது. செப்டம்பரில் பொருட்காட்சி முடிந்தது. காலி இருக்கைகளை என்ன செய்வது? அக்டோபரில் 'டிஸ்கவர் ஜப்பான்' என்ற மாபெரும் விளம்பர இயக்கம் தொடங்கியது. பிரபலமான இடங்களைக் காட்டாமல், பெயர் தெரியாத ஒரு சிற்றூர், ஒரு பழைய தெரு, அங்கே தனியாக நிற்கும் இளம்பெண் என்று சுவரொட்டிகள் வந்தன. எந்த ஊர் என்பதுகூடத் தெளிவாக இருக்காது. 'உன் நாட்டை நீயே போய்க் கண்டுபிடி' என்பதுதான் அழைப்பு. இளம்பெண்கள் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சிற்றூர்களைத் தேடிப் போனார்கள். நண்டுக் கூட்டத்துக்குத் துணையாக இன்னொரு கூட்டம் சேர்ந்தது.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவம், ரயிலும் சுற்றுலாவும் சேர்ந்தால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதை எந்தப் பொருளாதாரப் புத்தகத்தைவிடவும் தெளிவாகச் சொல்கிறது.

ஹொக்கைடோவின் ஓபிஹிரோ நகரிலிருந்து தெற்கே ஹிரோ என்ற ஊருக்கு 84 கிலோமீட்டர் கிளைப் பாதை ஒன்று இருந்தது. வழியில் கோஃபுகு என்று ஒரு குட்டி நிலையம். வயல் நடுவே ஒரு மரக் கொட்டகை, ஒரு நடைமேடை, அவ்வளவுதான். கோஃபுகு என்றால் ஜப்பானிய மொழியில் மகிழ்ச்சி, இன்பம். பெயர் வந்த கதையே ஒரு வரலாறு. அந்த இடத்துக்கு அங்கிருந்த ஐனு பழங்குடிகள் வைத்த பெயர் வறண்ட ஆறு என்ற பொருள் கொண்டது. குடியேற வந்த ஜப்பானியர்கள் அந்த ஒலிக்கு ஏற்ற மாதிரி இரண்டு எழுத்துகளைப் பொறுக்கி எழுதினார்கள். பின்பு ஃபுகுயி மாகாணத்திலிருந்து வந்தவர்கள் அங்கே அதிகமானதால், பழைய பெயரில் ஓர் எழுத்தும் தங்கள் மாகாணப் பெயரில் ஓர் எழுத்தும் சேர்த்தார்கள். வறண்ட ஆறு மகிழ்ச்சியாக மாறிவிட்டது!

அதே பாதையில் சற்றுத் தள்ளி ஐகோகு என்று இன்னொரு நிலையம். அந்தச் சொல்லுக்கு நாட்டுப்பற்று என்று பொருள். எழுத்துகளைப் பிரித்துப் படித்தால் 'அன்பின் நாடு' என்றும் கொள்ளலாம். 1973-ல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் கோஃபுகு நிலையம் காட்டப்பட்டது. அதற்கு முந்தைய வருடம் ஐகோகுவிலிருந்து கோஃபுகுவுக்கு விற்ற சீட்டுகள் ஏழே ஏழு என்று சொல்வார்கள். நிகழ்ச்சிக்குப் பிறகோ, 'அன்பின் நாட்டிலிருந்து மகிழ்ச்சிக்கு' என்ற அந்தச் சின்ன அட்டைச் சீட்டு லட்சக்கணக்கில் விற்றது. காதலர்கள் வாங்கினார்கள், புதுமணத் தம்பதிகள் வாங்கினார்கள், ஊருக்குத் திரும்புகிறவர்கள் நண்பர்களுக்குப் பரிசாகக் கட்டுக் கட்டாக வாங்கிப் போனார்கள்.

ரயிலில் ஏறியது யார்? அங்கேதான் சிக்கல். பெரும்பாலான சீட்டுகள் பணப்பைக்குள்ளும் புகைப்பட ஆல்பத்துக்குள்ளும் போய்ச் சேர்ந்தன. பாதையோரக் கிராமங்களின் மக்கள்தொகை குறைந்துகொண்டே வந்தது. தினமும் வண்டியில் போனவர்கள் பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும்தான். நாடெங்கும் புகழ்பெற்ற அந்தப் பாதை 1987 பிப்ரவரியில் மூடப்பட்டது.

மூடச் சொன்னது 1980-ல் வந்த ஒரு சட்டம். தேசிய ரயில்வேயைச் சீர்செய்வதற்கான அந்தச் சட்டம் ஓர் அளவுகோலை வைத்தது. ஒரு பாதையின் ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஒரு நாளில் சராசரியாக எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 4,000-க்குக் கீழே இருந்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அந்தப் பாதை பஸ்ஸுக்கு மாற வேண்டும் அல்லது வேறு யாராவது எடுத்து நடத்த வேண்டும். இப்படி 83 பாதைகள் பட்டியலில் ஏறின. மொத்தம் 3,100 கிலோமீட்டருக்கு மேல். கடைசியில் 45 பாதைகள் பஸ்ஸாயின. 38 பாதைகள் வேறு நிறுவனங்களின் கைக்குப் போய் ரயிலாகவே பிழைத்தன.

இந்த அளவுகோலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இது ஆண்டுச் சராசரி. உதாரணத்துக்கு, கோடையில் இரண்டு மாதம் மட்டும் தினமும் 600 சுற்றுலாப் பயணிகள் ஒரு பாதையில் போகிறார்கள், மற்ற பத்து மாதம் ஒருவரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரி வெறும் 100! ஜன்னலோர இருக்கைக்கு அடிதடி நடக்கும் பாதையும் கணக்கில் காலிப் பாதைதான். பனி விழும் ஜனவரிக் காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கூட்டம் எவ்வளவு என்பதுதான் ஒரு கிளைப் பாதையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

சட்டம் ஒரு பக்கம் வெட்டிக்கொண்டிருந்தபோது, மறுபக்கம் காலி இருக்கைகளை விற்கும் புதுப்புது யோசனைகள் வந்தன. 1981-ல் வெளிநாட்டுப் பயணிகளுக்கான 'ஜப்பான் ரயில் பாஸ்' வந்தது. 1982-ல் உள்நாட்டு மக்களுக்காக இன்று 'செய்ஷுன் 18' என்று அழைக்கப்படும் சீட்டு வந்தது. செய்ஷுன் என்றால் இளமை. பள்ளி, கல்லூரி விடுமுறைக் காலங்களில், வேக வண்டிகள் நீங்கலாகச் சாதாரண வண்டிகளில் நாள் முழுக்கப் போகலாம். பெயரில்தான் 18, வயது வரம்பு கிடையாது. எழுபது வயதுக்காரர்களும் அந்த 'இளமை'யை வாங்கிக்கொண்டு போனார்கள். எப்படியும் ஓடப்போகும் வண்டி, எப்படியும் காலியாக இருக்கும் இருக்கை. அதில் ஒருவர் உட்கார்ந்தால் ரயில்வேக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை, வருவதெல்லாம் லாபம். எல்லா பாஸ்களுக்கும் அடிப்படைக் கணக்கு இதுதான். வண்டி 'எப்படியும் ஓடப்போகும்' என்ற முதல் பாதி பொய்யாகிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இந்தக் கணக்கில் விடை இல்லை.

கடன் 37 லட்சம் கோடி யென்னைத் தொட்டபோது அரசு இறுதி முடிவெடுத்தது. 1987 ஏப்ரல் 1-ம் தேதி தேசிய ரயில்வே உடைக்கப்பட்டது. ஹொக்கைடோ, கிழக்கு, நடு (தோக்காய்), மேற்கு, ஷிகோகு, கியூஷு என்று ஆறு பயணிகள் ரயில் நிறுவனங்களும், சரக்குக்குத் தனியாக ஒன்றும் பிறந்தன. ஹிரோ பாதை மூடி இரண்டே மாதம்.

பாகப்பிரிவினை என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்குமா என்ன! கிழக்கு நிறுவனத்துக்கு டோக்கியோ நகரத்தின் நெரிசல் வந்தது. நடு நிறுவனத்துக்கு டோக்கியோ – ஒசாகா ஷிங்கான்சென், அதாவது பொன் முட்டையிடும் வாத்து. மேற்குக்கு ஒசாகா. ஹொக்கைடோ, ஷிகோகு, கியூஷு ஆகிய மூன்று தீவு நிறுவனங்களுக்கு மலை, பனி, வயல், வயதானவர்கள். இவை நஷ்டத்தில்தான் ஓடும் என்பது பிரிக்கும்போதே தெரியும். அதனால் மூன்றுக்கும் சேர்த்துச் சுமார் 1.28 லட்சம் கோடி யென் நிதியாகக் கொடுத்தார்கள். அதில் ஹொக்கைடோவின் பங்கு 68,220 கோடி. நிதியைத் தொடக்கூடாது, வரும் வட்டியை வைத்து நஷ்டத்தை ஈடுகட்டிக்கொள்ள வேண்டும். வட்டி 7.3 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். அப்படியானால் ஹொக்கைடோவுக்கு வருடம் கிட்டத்தட்ட 5,000 கோடி யென் கிடைக்கும்.

அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது. வட்டி விகிதம் சரிந்து சரிந்து, 1999-ல் நாட்டின் மத்திய வங்கி வட்டியைப் பூஜ்ஜியத்துக்கே கொண்டுவந்தது. ஒரு தீவின் ரயில்வே முழுவதும் வட்டி என்ற ஒற்றைத் தூணின் மேல் நின்றுகொண்டிருந்தது; அந்தத் தூண் கரைந்தது. அரசு வேறு வழிகளில் உதவினாலும் முதல் கணக்கு மீண்டும் ஒருபோதும் சரிவரவில்லை.

ஆறு நிறுவனங்களும் சேர்ந்து ஜப்பான் ரயில் பாஸைத் தொடர்ந்து விற்றன. பழைய ஒன்றுபட்ட ரயில்வேயின் நிழல் வெளிநாட்டுக்காரர்களின் கையில் மட்டும் மிச்சமிருந்தது என்று சொல்லலாம். கூடவே ஒவ்வொரு நிறுவனமும் தன் எல்லைக்குள் செல்லும் வட்டார பாஸைக் கொண்டுவந்தது. அதனால்தான் பாஸின் எல்லை மலையையோ ஆற்றையோ பார்ப்பதில்லை, 1987-ல் கிழித்த கோட்டைப் பார்க்கிறது. ஷிகோகு மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அந்தத் தீவின் பாஸில் ஜேஆர் அல்லாத தனியார் ரயில்களும் ட்ராம்களும்கூட அடக்கம். ஆறில் மிகச் சிறிய நிறுவனம் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து விற்றால்தான் பிழைக்க முடியும் என்று புரிந்துகொண்டது போலும்.

அந்த மூன்று தீவுகளில் கியூஷு தப்பித்துவிட்டது. 1989-ல் யுஃபுயின் வெந்நீர் ஊற்று நகருக்கு 'யுஃபுயின் நோ மொரி' என்ற பச்சை நிற சுற்றுலா ரயிலை விட்டதிலிருந்து, அழகான வண்டிகளே அதன் அடையாளம். 2016-ல் பங்குச் சந்தையிலும் நுழைந்துவிட்டது. ஆனால் அதைக் காப்பாற்றியது ரயிலை விட, நிலையங்களைச் சுற்றிக் கட்டிய கடைவளாகங்களும் அடுக்குமாடிகளும்தான். ஹொக்கைடோவில் அப்படிக் கட்டி விற்க சப்போரோவை விட்டால் வேறு ஊர் ஏது?

2003-ல் அரசு வெளிநாட்டுச் சுற்றுலாவை வளர்க்கும் இயக்கத்தைத் தொடங்கியபோது ஜப்பானுக்கு வந்தவர்கள் சுமார் 52 லட்சம் பேர். 2019-ல் அது 3 கோடியே 18 லட்சம். கொரோனாவில் விழுந்து எழுந்து 2024-ல் 3 கோடியே 68 லட்சம். ரயில்வேக்கு இதைவிட நல்ல காலம் வரமுடியாது என்றுதான் தோன்றும். ஆனால் ஹொக்கைடோ நிறுவனம் 2016 நவம்பரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பத்துப் பாதைகளில் 13 பகுதிகள், மொத்தம் 1,237 கிலோமீட்டர், தன்னால் தனியாகக் காப்பாற்ற இயலாதவை என்றது. அது அதன் மொத்தப் பாதையில் ஏறக்குறைய பாதி!

அந்தப் பட்டியலைப் படித்தால் சுற்றுலாக் கையேட்டின் பொருளடக்கம் மாதிரி இருக்கும். லாவெண்டர் வயல்களுக்குப் போகும் ஃபுரானோ பாதை அதில் இருந்தது. குஷிரோ சதுப்பு நிலத்தில் கொக்குகளுக்கு நடுவே போகும் பாதை இருந்தது. நாட்டின் வடமுனையான வாக்கனாய்க்குப் போகும் பாதை, கிழக்குக் கோடியான நெமுரோவுக்குப் போகும் பாதை, இரண்டும் இருந்தன. எவற்றைப் பார்க்க பாஸ் வாங்குகிறார்களோ அவையே நிற்க முடியாதவை. பாஸில் வருகிறவர் பெரும்பாலும் சப்போரோ, அசாஹிகாவா, ஹக்கோதாதே என்று விரைவு வண்டியில் போகிறார். கிளைப் பாதையில் ஒருமுறை ஏறி, படம் எடுத்து, இறங்குகிறார். பனிக்காலம் முழுக்கத் தண்டவாளத்தைச் சுத்தம் செய்யும் செலவும், நூறு வயதான பாலங்களும் சுரங்கங்களும் யார் தலையில்?

முதலில் போனவற்றில் யூபாரி கிளை ஒன்று. 1892-ல் நிலக்கரிக்காகப் போட்ட பாதை. 1960 வாக்கில் அந்த ஊரின் மக்கள்தொகை 1,16,000-ஐத் தாண்டியிருந்தது. சுரங்கங்கள் மூடின, ஊர் சுற்றுலாவில் பணத்தைக் கொட்டியது, 2007-ல் நகராட்சியே திவாலாகி அரசின் மேற்பார்வைக்குப் போனது. பாதையை மூடுங்கள், பதிலுக்கு நல்ல பஸ் வசதி கொடுங்கள் என்று 2016-ல் யூபாரி மேயரே முன்வந்து கேட்டது அன்று பெரிய செய்தி. பாதையை விட்டுக்கொடுத்த ஊருக்கு பஸ்ஸுக்காக 75 கோடி யென் கிடைத்தது. 2019 மார்ச் 31 கடைசி நாள். அன்று நாடு முழுவதிலிருந்தும் வந்த கூட்டத்தில் பெட்டிகள் பிதுங்கின. அதில் பத்தில் ஒரு பங்கு தினமும் வந்திருந்தால் கதையே வேறு.

அதைவிட மனதைத் தொடுவது ஃபுரானோ – ஷிந்தோகு பகுதி. 1907-ல் கரிகாச்சி மலைக் கணவாய் வழியாகப் போடப்பட்ட அந்தப் பாதையில், உச்சியில் ரயில் திரும்பும்போது கீழே விரியும் தொக்காச்சி சமவெளி, ஜப்பானின் மூன்று சிறந்த ரயில் ஜன்னல் காட்சிகளில் ஒன்று என்று பேர்பெற்றது. 1966-ல் புதுச் சுரங்கம் வழியாகப் பாதை மாறியது. 1981-ல் சப்போரோ பக்கத்திலிருந்து நேர்ப்பாதை திறந்ததும் விரைவு வண்டிகள் எல்லாம் அங்கே போய்விட்டன. மிச்சமிருந்தது ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி. 1999-ல் வந்த 'பொப்போயா' என்ற திரைப்படம், மூடப்படப்போகும் ஒரு கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றியது. தக்காகுரா கென் நடித்தது. அதை எடுத்தது இந்தப் பாதையில் உள்ள இகுதோரா நிலையத்தில்தான். படத்துக்காக மாட்டிய 'ஹொரோமாய்' என்ற பொய்ப் பெயர்ப்பலகையைப் பார்க்க இன்றும் ரசிகர்கள் வருகிறார்கள். 2016 ஆகஸ்டில் புயல் வந்து பாதையை அரித்தது. இகுதோராவுக்கு ரயில் நின்றது. பழுது பார்க்கவே இல்லை. 2024 மார்ச் 31-ஓடு 81.7 கிலோமீட்டரும் சட்டப்படி முடிந்தது. சினிமாவில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு நேர்ந்தது நிலையத்துக்கும் நேர்ந்துவிட்டது.

எல்லாப் பாதைகளும் இப்படி முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹொன்ஷு தீவில், ஃபுகுஷிமா மாகாணத்து மலைகளுக்குள் ஓடும் ததாமி பாதையை 2011 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பாலங்கள் இல்லை. பஸ் விடலாம் என்றது நிறுவனம். மாகாணமும் ஊர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. பல வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, தண்டவாளமும் பாலங்களும் மாகாணத்தின் சொத்து, வண்டி ஓட்டுவது மட்டும் கிழக்கு நிறுவனம் என்று உடன்பாடாயிற்று. சுமார் 900 கோடி யென் செலவில் சரிசெய்து, பதினோரு வருடம் கழித்து 2022 அக்டோபர் 1-ல் ரயில் மறுபடி ஓடியது. மீட்ட பகுதியில் நாளுக்கு மூன்றே முறை. இலையுதிர் காலத்தில் ஆற்றுப் பாலத்தின் மேல் அந்த வண்டி போவதைப் படமெடுக்க வெளிநாட்டிலிருந்தும் கூட்டம் வருகிறது. ரயிலில் வராமல் காரில் வந்து குன்றின் மேல் நின்று படமெடுத்துவிட்டுப் போகிறவர்களும் ஏராளம். ஆனால் அவர்கள் ஊரில் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், சாமான் வாங்குகிறார்கள். டிக்கெட்டில் வராத பணம் கடைத்தெருவில் வருகிறது என்று மாகாணம் கணக்குப் போட்டது. ரயில் நிறுவனம் அப்படிக் கணக்குப் போட முடியாது. அதன் கல்லாவில் விழுவது டிக்கெட் காசு மட்டும்தான். இரண்டு முடிவுகளுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

2023 அக்டோபரில் ஜப்பான் ரயில் பாஸின் விலை ஒரேயடியாக ஏறியது. ஏழு நாள் சாதாரண வகுப்பு 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. நாடு முழுவதற்குமான பாஸ் கட்டுப்படியாகாதவர்கள் வட்டார பாஸ்களைத் தேடத் தொடங்கினார்கள். 2024 குளிர்காலத்தில் செய்ஷுன் 18 சீட்டின் விதியும் மாறியது. முன்பு ஐந்து நாட்களை இஷ்டப்பட்ட தேதிகளில் பயன்படுத்தலாம், ஒரே சீட்டில் நண்பர்களோடு பங்கிட்டும் போகலாம். இப்போது தொடர்ச்சியான நாட்கள்தான், ஒருவருக்குத்தான். வார இறுதிகளில் ஊர் ஊராகப் போய்வந்தவர்கள் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

அடுத்து என்ன என்பது ஹொக்கைடோவின் தென்மேற்கில் தெரிகிறது. ஷிங்கான்சென்னை சப்போரோ வரை நீட்டிக்கிறார்கள். 2030 நிதியாண்டுக்குள் முடிப்பதாக இருந்த அந்த வேலை, சுரங்கம் தோண்டுவதில் ஏற்பட்ட தடைகளால் 2038 வாக்கில்தான் முடியும் என்று 2025-ல் நிபுணர் குழு சொன்னது. அது திறக்கும்போது அதற்கு இணையாக ஓடும் பழைய மலைப் பாதை, ஓஷமாம்பேயிலிருந்து ஒதாரு வரை 140 கிலோமீட்டர், கைவிடப்படும் என்று 2022-லேயே பாதையோர ஊர்கள் ஒப்புக்கொண்டுவிட்டன. நண்டுக் கூட்டம் வந்த காலத்தில் இரட்டை நீராவி எஞ்சின் பூட்டிய விரைவு வண்டி ஏறிய பாதை அது. வழியில் யோய்ச்சி இருக்கிறது. 1934-ல் தாகெத்சுரு மசதாகா தொடங்கிய நிக்கா விஸ்கி ஆலையைப் பார்க்க ரயிலில் வந்து இறங்குபவர்கள் இன்றும் உண்டு. பனிச்சறுக்குக்காக உலகெங்கிலுமிருந்து பணக்காரர்கள் வந்து குவியும் நிசேகோவும் அதே பாதையில்தான் இருக்கிறது. ரயிலுக்குப் பதில் பஸ் என்று முடிவாகிவிட்டது. ஆனால் அந்த பஸ்களை ஓட்டுவதற்குப் போதுமான ஓட்டுநர்கள் கிடைக்கவில்லை என்று பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது.